உன் அத்தையைக் கேட்க வந்தவர்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கல்கத்தாவில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். இங்கேயும் மார்கழிப் பனி மணி எட்டானாலும் அல்சூர் ஏரியை விட்டு எழுந்திருப்பதில்லை. உன் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்; நான் உரக்கப் படித்தேன். வருகிற தேர்தலில் நம் தொகுதிக்கு நம் வீட்டுப் பெயர்தான் வேண்டும் என்று கட்சிக் காரியதரிசி உனக்கு எழுதியதையும், பொங்கலுக்கு லீவு போட்டு வந்து மனுத் தாக்கல் செய்துவிடலாம் என்று நீ நினைப்பதையும் கேட்டபோது அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ‘அப்பா உட்கார்ந்த நாற்காலி வெளியாள் கைக்குப் போகக் கூடாது’ என்று எழுதியிருந்தாய். எந்தத் தகப்பனுக்கும் அது இனிக்கத்தான் செய்யும். எனக்கும் இனித்தது. பிறகு உன் தங்கையைப் பற்றிய கடைசிப் பத்திக்கு வந்தேன். ‘வசந்தாவைப் பற்றியும் விசாரித்திருந்தார். அவளுக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை என்று எழுதிவிட்டேன்.’ அந்த வரியில் என் குரல் நின்றுவிட்டது. “ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள் உன் அம்மா. கண்ணாடி சரியில்லை என்றேன். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது.

சேகர், நம் வீட்டில் அந்த வாக்கியம் ஏற்கெனவே ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவன் நான். அதைப் பற்றி உனக்கு எழுதத்தான் மூன்று நாளாக இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுமையாகப் படி.

நீ பிறந்த வீட்டை ஊரார் ‘புல்லு பங்களா’ என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாய். உன் தாத்தா உன்னை மடியில் இருத்திக்கொண்டு, “புல்லு இல்லேன்னா பாலு ஏதுடா உனக்கு?” என்று சிரித்தார். தண்டு என்கிற கண்டோன்மெண்டில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் குதிரைகளுக்குப் புல்லும் கொள்ளும் கொடுத்துத்தான் அவர் அந்த பங்களாவைக் கட்டினார். விடியற்காலையில் பனியோடு வரும் புல்லுக்கட்டுகளின் வாசனை நம் வீட்டு மாடி வரை ஏறும். இப்போதும் எங்காவது புல் அறுக்கிறவர்களைத் தாண்டி நடந்தால் எனக்கு இருபது வயது குறைந்துவிடுகிறது. புல் அறுப்பவர்களும் குதிரைக்காரர்களும் குடியிருக்க லிங்கராஜபுரம் பக்கம் தாத்தா அறுபது லைன் வீடுகள் கட்டிவிட்டிருந்தார். முக்கால்வாசிப் பேர் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள். அறுபது வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய்.

உன் அத்தை சௌந்தரம் என்னைவிட மூன்று வயது மூத்தவள். சிறுமியாக இருந்தபோதே தாத்தாவின் ஜட்காவில் ஏறிக்கொண்டு அந்த லைனுக்குப் போய்விடுவாள். புல்லுக்காரப் பெண்களிடம் அவர்கள் தமிழ், குதிரைக்காரர்களிடம் தக்னி உருது, சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்களிடம் கன்னடம் என்று மூன்றும் அவள் நாக்கில் தடுக்காமல் வரும். கல்யாணமாகி நம் வீட்டுக்குப் பின்தெருவிலேயே குடியிருந்தாள். உன் மாமா பள்ளிக்கூட வாத்தியார். பேசினால் பாடம், இல்லாவிட்டால் மௌனம். தினமும் சமையலை முடித்துவிட்டு அவள் லைனுக்கு நடந்துவிடுவதை அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. நானோ சென்னையில் சட்டம் படித்துவிட்டு வந்து, கறுப்பு கோட்டைத் தினமும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

சுதந்திரம் வந்தது. பட்டாளம் ரயிலேறிப் போயிற்று, குதிரை லாயங்கள் காலியாயின. கொடியேற்றிய அன்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்த உன் தாத்தா, அடுத்த வாரமே சாப்பாட்டில் கைவைத்தபடி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். “இத்தினி நாளா ஒரு துரையைப் போய்ப் பாத்தாப் போதும். இனிமே ஓட்டு இருக்கிறவன் எல்லாம் துரை. அத்தினி பேரையும் யாருடா போய்ப் பாக்கிறது?” என்றார். மோர் ஊற்றிக்கொண்டிருந்த உன் அத்தை, “நான் பாக்கிறேன்பா. தினமும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்” என்றாள். தாத்தா சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் ஜாபிதா எடுக்க லைனுக்கு ஆள் வந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். வக்கீல் என்ற முறையில் என்னையும் கூட்டிப் போயிருந்தாள். பெண்கள் யாரும் தம் பெயரைச் சொல்லவில்லை. முனுசாமி சம்சாரம், தாஸ் அம்மா என்றே சொன்னார்கள். குமாஸ்தாவும் அப்படியே எழுதப் போனார். உன் அத்தை அவர் பேனாவின் மேல் கையை வைத்து, “அப்படி எழுதினா செல்லாது, ஸ்வாமி” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, குழாயடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் பிடிக்க வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, “உம் பேரு என்ன?” என்று கேட்டாள். ஒரு வயதான அம்மாள் குடத்தை இடுப்பில் வைத்தபடி திகைத்து நின்றாள். “எம் பேரா? அது இன்னாத்துக்கும்மா? கூப்ட்டே எத்தினியோ வருசமாச்சே” என்றாள். கொஞ்சம் யோசித்து, “கிளியம்மா” என்று சொன்னபோது பதினாறு வயதுப் பெண் போல வெட்கப்பட்டாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சாயங்காலம் வரை அந்த முக்காலியிலிருந்து உன் அத்தை எழுந்திருக்கவில்லை. ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை.

இந்தச் செய்தி எப்படியோ கட்சி ஆபீஸ் வரை போயிருக்கிறது. சில மாதம் கழித்து ஒரு காலையில் கட்சியின் பெரியவர் ஒருவர், கௌடர், நம் வீட்டுக்கு வந்தார். தாத்தா ஓசூருக்குப் போயிருந்தார். லைனில் குழந்தைகளுக்கு அம்மை ஊசி போடுகிறார்கள் என்று உன் அத்தை அங்கே போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். காபி கொடுக்கச் சொன்னேன். அவர் அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு, “நிம்ம அக்கன்ன கேளோண அந்த்த பந்தெ. அவரு நிந்த்ரெ நாவு கெல்தீவி” என்றார். உங்கள் அக்காவைக் கேட்கலாமென்று வந்தேன், அவர் நின்றால் நாம் ஜெயிப்போம் என்று. அவ்வளவுதான். ஒளிவுமறைவில்லாமல் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அக்காவுக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லைங்க. குடும்பத்தோட இருக்கிறவங்க. கட்சிக்கு வேணும்னா நான் நிக்கிறேன்.” காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒரு வக்கீல், பெரிய வீட்டுப் பிள்ளை, தமிழ் ஓட்டு வாங்கித் தருவான் என்று கணக்குப் போட்டிருப்பார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை, சேகர். அதை நினைத்துத்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. யோசிக்காமலே வாயில் வந்தது. பல காலமாக உள்ளே தயாராக இருந்த பதில் மாதிரி வந்தது.

மத்தியானம் உன் அத்தை வெயிலில் வந்தாள். கட்சி என்னைக் கேட்டிருக்கிறது என்று சொன்னேன். செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். “உன்னையா?” என்றாள். “ஆமா.” செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, “நல்லது. மேடையில வேகமாப் பேசாதே. உனக்குக் கோபம் வந்தா மூக்கால பேசுவே, ஜனங்களுக்குப் புரியாது” என்றாள். மறுநாள் காலையில் வாக்காளர் ஜாபிதாவோடு வந்து நின்றாள்.

அந்த இரண்டு மாதங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் வேறு இல்லை. உனக்கும் ஞாபகம் இருக்கும். தாத்தாவின் பழைய காரில் முன் ஸீட்டில் உட்கார்ந்து தொண்டை கட்டும் வரை கத்தினாய். வசந்தா உன் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வாசலில் நான் கைகூப்பி நின்றேன். உள்ளேயிருந்த கிழவர் என்னைப் பார்க்கவே இல்லை. “பாப்பா, நீ சொல்லு. இவருக்குப் போடணுமா?” என்று உன் அத்தையைக் கேட்டார். “போடுங்க, என் தம்பிதான்” என்றாள். “அப்ப சரி” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஓட்டுப் போடும் நாளன்று கிளியம்மா தலைக்கு எண்ணெய் தடவி, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். அதிகாரி பெயரைக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து, “அது நான்தான்” என்று வரிசைக்கே சொன்னாள்.

நான் ஜெயித்தேன். அதற்குப் பிறகு நடந்தவற்றில் பெருமைப்பட அதிகமில்லை. ஊர் என்னை ‘எம்.எல்.ஏ. ஐயா’ என்றது, அந்தக் கூப்பிடலுக்கு என் காது பழகிப்போயிற்று. சட்டசபைக்குப் புதிதாக விதான சௌதா எழும்பியபோது அந்தப் படிகளில் சால்வையோடு ஏறுவதே ஒரு வேலையாக இருந்தது. உன் அத்தை ஒரே ஒரு முறை பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று நான் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும், “குழாயைப் பத்தி ஏன்டா கேக்கலை?” என்றாள். நேரம் கிடைக்கவில்லை என்றேன். நேரம் நிறைய இருந்தது. இரண்டாம் முறையும் அவள் முக்காலி போட்டு உட்கார்ந்ததால்தான் ஜெயித்தேன். லைனுக்கு இன்னும் இரண்டு குழாய் வந்ததும் அவள் நடையாய் நடந்ததால்தான். பெயர்ப் பலகையில் என் பெயர் போட்டார்கள்.

தாத்தா போனபின் பாகம் பிரித்ததில் லைன் வீடுகள் என் பங்குக்கு வந்தன. நீ அப்போது சென்னையில் காலேஜில் இருந்தாய். இதெல்லாம் உன் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். கிடங்கு கட்ட அந்த இடத்தை ஒருவர் கேட்டார். அறுபது வீட்டையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினேன். நோட்டீஸ் போன மறுநாளே உன் அத்தை வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அவங்க பேரை நான்டா எழுத வெச்சேன். அந்தப் பேரை வெச்சுத்தான் நீ அங்க உக்காந்திருக்கே. இப்ப அதே பேரைப் போட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கே.”

“இது சொத்து விஷயம் அக்கா. உனக்கு இதெல்லாம் தெரியாது. அரசியலும் தெரியாது.”

“தெரியாதுதான்” என்றாள். “யாரும் என்னைக் கேட்டதில்லையே.”

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். அந்தக் கணத்தில் சொல்லியிருக்க வேண்டும், கேட்டார்கள் அக்கா, நான்தான் என்று. சொல்லவில்லை. அவள் போய்விட்டாள். காலி செய்ய உத்தரவோடு ஆட்கள் போன அன்று, முதல் வீட்டு வாசலில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்தில் உன் மாமா, மாணவர்களின் காம்போசிஷன் நோட்டுகளைத் திருத்திக்கொண்டு. எம்.எல்.ஏ.வின் அக்காவை யார் தொடுவார்கள்? வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இடத்தைக் கேட்டவரும் வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாம் தேர்தல் வந்தது. அவள் எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டை விட்டு வெளியே வரவில்லை, அவ்வளவுதான். நான் போன வாசலிலெல்லாம், “அக்கா வரலியா?” என்று கேட்டார்கள். தோற்றேன். கிளியம்மாவின் லைனில் எனக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தோற்ற மூன்றாம் நாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கௌடர் வந்தது, அவள் ஊசி போடுகிற இடத்துக்குப் போயிருந்தது, நான் சொன்ன பதில். முறம் நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“அவர் என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார்?”

கன்னடத்தில் அப்படியே சொன்னேன். பதினோரு வருஷமாக ஒரு எழுத்து மறக்கவில்லை.

“இன்னொரு தரம் சொல்லு.”

மறுபடியும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, “நான் சரின்னு சொல்லியிருப்பேன்டா” என்றாள். “நீ போ இப்போ.”

நாலு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை. அந்த வருஷப் பிறப்புக்கு நம் வீட்டில் அவள் ஏன் இல்லை என்று நீ கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றேன். அந்த மாதங்களில் நான் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். லைன் வீடுகளை அவரவர் பெயருக்கே எழுதிக் கொடுத்தேன். கிளியம்மாவின் வீடு கிளியம்மா பெயரில். அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதே. அவர்களுக்கு நான் செய்ய வேண்டியிருந்ததில் அது ரொம்பக் கொஞ்சம், அதுவும் தாமதமாக. பத்திரம் பதிந்த மறுவாரம் உன் அத்தை நம் வாசலில் வந்து நின்றாள். “மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். அது வரும்போது வரட்டும். சாக்கடை விஷயமா மனு கொடுக்கணும், நீ இங்கிலீஷ்ல எழுதுவே, வா” என்றாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு சர்க்கார் ஆபீஸில் மனுதாரர் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எங்களோடு மனுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வசந்தா. அப்போது சட்டக் கல்லூரி மாணவி. இன்றைக்கு வரைக்கும் சனிக்கிழமை என்றால் அவள் அந்த லைனில்தான். கோர்ட் கோட்டோடு போய்விட்டு, மண்ணான புடவையோடு வருகிறாள். கல்கத்தாவிலிருந்து உனக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவளும் எழுதுகிறவள் அல்ல.

அதனால் நேற்று அவளையே கேட்டேன். கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தைக் காட்டவில்லை. “கட்சியில உன் பேரை விசாரிச்சிருக்காங்கம்மா. நிக்கிறதுக்கு உனக்கு இஷ்டமா?” என்றேன். பையின் வாரை மாட்டிக்கொண்டே, “என்னையா கேட்டாங்க?” என்றாள். உன் அத்தை ‘உன்னையா?’ என்று கேட்டாளே, அதே தொனி. பிறகு சொன்னாள்: “இஷ்டம்தான்பா. ரொம்ப நாளாவே இஷ்டம். அண்ணனுக்கும் ஆசை இருக்கும்னு வாயைத் திறக்கலை.”

சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு கட்சி ஆபீஸுக்குப் போனேன். நான் பேசவில்லை. அவளே பேசினாள். காரியதரிசி நீ அவருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “என் மகனுக்கு விஷயம் தெரியாது. தெரியாமல் எழுதிவிட்டான்” என்றேன். உனக்காக நான் சொன்னது அது ஒன்றுதான். அது உண்மை என்றே நம்புகிறேன். இரண்டு பெயரையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ விலகினால் அவளுக்குத்தான் கொடுப்பார்கள் என்று தெரிகிறது. விலகு என்று நான் உத்தரவு போடப் போவதில்லை. தகப்பன் உத்தரவு போட்டு விலகியவன் மனசில் அது முள்ளாக நிற்கும். உன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்த வரியை நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் நம் வீட்டுக் காற்றில் அது இருந்திருக்கிறது. நீ அதை மூச்சோடு இழுத்திருக்கிறாய்.

உன் ஆசை தப்பு என்றும் நான் சொல்லவில்லை. நீ நன்றாகப் பேசுவாய், என்னைப் போல மூக்கால் பேச மாட்டாய். ஆனால் அந்த நாற்காலி நம் வீட்டுச் சாமான் இல்லை சேகர். பாகம் பிரிக்கும்போது யார் பங்குக்கு என்று பார்க்கிற பாத்திரம் பண்டம் இல்லை. அதை நான் அறுபது குடும்பத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, தோற்று, அக்காவின் முன்னால் நின்ற பிறகு கற்றுக்கொண்டேன். நீ அவ்வளவு தூரம் போகாமலே கற்றுக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு லீவு போடுவதாக எழுதியிருந்தாயே, அதை மாற்றாதே; வா. வசந்தாவும் உன் அத்தையும் இன்று காலையிலேயே ஜாபிதாவைப் பிரித்துவைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் நம் பக்கம் நிறைய மாடி வீடுகள் வந்துவிட்டன. உன் அத்தைக்கு முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை. மாடிக்குப் போய் வசந்தாவுக்காக ஓட்டுக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்கிறாள். நீ வருகிறாயா என்று என்னைக் கேட்டாள். உன்னைக் கேட்காமல் நான் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அப்பா